நூற்றாறு வெள்ளிக்காசுகள்

12.8.2016 – 20 கிராம் – ரூ. 1,040
3.5.2018 – 20 கிராம் – ரூ. 930
17.9.2019 – 20 கிராம் – ரூ. 1,090
19.3.2020 – 2,000 கிராம் – ரூ. 88,000
7.8.2020 – 20 கிராம் – ரூ. 1,790
11.10.2022 – 20 கிராம் – ரூ. 1,390
29.5.2024 – 20 கிராம் – ரூ. 2,160

ஐந்தாவது வரிக்கு வரும்போது இஞ்ஞாசிமுத்துவின் விரல் சற்றுத் தயங்கும். "இது சொத்தக் கொத்து" என்று முனகிவிட்டு அடுத்த வரிக்குத் தாவுவார். விலை உச்சியில் இருந்த நாளில் ஆசைப்பட்டு வாங்கிய காசு அது. காலை ஜெபமாலைக்கும் காப்பிக்கும் நடுவே தினமும் இந்த ஏழு வரிகளை வாய்க்குள் வாசித்துவிடுவது அவர் வழக்கம். ஜெபமாலையில்கூட எப்போதாவது ஒரு மணி விட்டுப்போகும். இதில் ஒரு வரி விட்டதில்லை.

பட்டியல் இருப்பது மருந்தடிப்பு நோட்டில். ராயப்பன்பட்டியில் அவருக்கு இரண்டரை ஏக்கர் பன்னீர் திராட்சை. எந்தத் தேதியில் எந்த வரிசைக்குக் கவாத்து, எப்போது மயில்துத்தம், எப்போது கந்தகம் என்பதெல்லாம் நோட்டின் முன்பக்கத்திலிருந்து வரும். வெள்ளிக் கணக்கு பின்பக்கத்திலிருந்து வரும். முன்னால் திறந்தால் பூஞ்சை, பின்னால் திறந்தால் பொக்கிஷம்.

வயது எழுபத்து நான்கு. சட்டைப்பையில் எப்போதும் மூன்று பொருள்கள் இருக்கும். கொடியில் இலைப்பேன் பார்க்க வாங்கிய லென்ஸ், பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், கிராம் காட்டும் உள்ளங்கை அளவுத் தராசு. கம்பம் கடைவீதியில் நகைக்கடை வைத்திருக்கும் பலவேசம் இவரைத் தூரத்தில் கண்டதுமே கண்ணாடி மேஜைமேல் கனத்த துண்டு ஒன்றை விரித்துவிடுவார். இல்லாவிட்டால் காசை வெறும் கண்ணாடியில் போட்டுச் சத்தம் கேட்பார் இஞ்ஞாசிமுத்து. 2016-இல் அப்படிக் கேட்டதன் கீறல் இன்னும் மேஜையில் இருக்கிறது.

காசு தேர்ந்தெடுப்பதில் அவருக்கென்று சட்டங்கள் உண்டு. முதலாவது, உருவம் கூடாது. லட்சுமி, பிள்ளையார் பொறித்த காசுக்குச் செய்கூலி கூடுதல்.

"மாதா படம் போட்டதும் வருதுண்ணே. சொல்லி வரவச்சுத் தரட்டுமா?" என்று ஒருமுறை பலவேசம் கேட்டார்.

"மாதாவுக்குக் கோயில்ல காணிக்கை போட்டாச்சு. ஒனக்கு எதுக்குத் தனியா? எடைக்குத்தான் காசு, படத்துக்கு இல்ல."

இரண்டாவது, கட்டியாக வாங்கக் கூடாது. ஒரு கிலோ கட்டி வாங்கினால் கிராமுக்கு ஒன்றரை ரூபாய் மிச்சம் என்று பலவேசம் கணக்குப் போட்டுக் காட்டினார். "அவசரம்னா ஒரு கொத்துப் பறிக்கலாம். அதுக்காகக் கொடிய வெட்டுவானா வெள்ளாமை பாக்குற சம்சாரி?" என்று இருபது கிராம் காசுகளையே கேட்டு வாங்கினார்.

மூன்றாவது, மூடி வைத்த காசை நம்பக் கூடாது. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று ஒவ்வொரு காசையும் ஏ.டி.எம். கார்டு போன்ற அட்டைக்குள் வைத்து, நம்பர் போட்டு, காற்றுப் புகாமல் சீல் வைத்து அனுப்புகிறது. அந்தச் சீல் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. இஞ்ஞாசிமுத்து கடையிலேயே கவாத்துக் கத்திரியை எடுத்து அதை வெட்டிவிடுவார்.

"அண்ணே, அது சீலுண்ணே! வெட்டாதீக!"

"மூடுன பெட்டிய நம்பி எந்த யாவாரியாச்சும் பழம் எடுப்பானா? பெட்டியில மேல் அடுக்கு எப்பவுமே பொய் சொல்லும்டா. கேரளாக்காரன் எங்கிட்ட அடிக்கொத்த உருவித் தின்னு பாத்துட்டுத்தான் வெல சொல்லுறான்."

அறுத்தெடுத்த காசுக்குப் பரீட்சை நடக்கும். தராசு, காந்தம், லென்ஸ், சத்தம். கடைசியாக ஐஸ். பக்கத்துக் கடையில் சர்பத் வாங்கி அதிலிருக்கும் ஐஸ் கட்டியைக் காசின்மேல் வைப்பார். சுத்த வெள்ளியில் ஐஸ் சட்டென்று உருகும் என்று எங்கோ படித்திருக்கிறார். உருகியதும் சர்பத்தைக் குடித்துவிடுவார். 19.3.2020 அன்று நூறு காசுகளை ஒரே மூச்சில் வாங்கியபோது நூறு சீல்களும் வெட்டப்பட்டன. பத்துக்கு ஒரு காசு வீதம் ஐஸ் வைத்ததில் சர்பத் பத்து டம்ளர். காலை 11.10-க்குத் தொடங்கி மாலை 3.45-க்கு முடிந்தது. பலவேசம் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அந்த எண்பத்தெட்டாயிரம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். இஞ்ஞாசிமுத்துவின் மனைவி சவேரியம்மாள் ஓய்வுபெற்ற ஆசிரியை. பொன்னைத் தவிர எதையும் சொத்தென்று ஒப்புக்கொள்ளாதவர். அவர் பிறந்த வீட்டிலிருந்து போட்டுவந்த மூன்று பவுன் இரட்டைவடச் சங்கிலியை விற்றதில் கிடைத்தது ரூ. 88,400. மிச்சம் நானூறுக்கு அல்வாவும் மல்லிகைப்பூவும் வாங்கிப்போனார்.

"சூசையப்பர் திருநாளும் அதுவுமா, சங்கிலியக் கழட்டிட்டு அல்வா குடுத்தாக" என்று சவேரியம்மாள் இன்றைக்கும் சொல்வார். சொல் மாறுவதில்லை.

சும்மா கழற்றிக் கொடுத்துவிடவில்லை அவர். கல்யாணத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறையும் 10.11.2025 அன்று அதே மூன்று பவுனில் இரட்டைவடம் செய்து போடுவதாகவும், வெள்ளியை விற்ற பணத்துக்குமேல் ஒரு பைசாவும் சேர்க்கப்போவதில்லை என்றும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார் இஞ்ஞாசிமுத்து. "தங்கம் நடந்து போகும் டீச்சர். வெள்ளி பதுங்கிக் கெடந்து பாயும். பாயலேன்னா எம் பேர மாத்திக் கூப்புடு." அந்த ஒப்பந்தத்தைச் சவேரியம்மாள் சிவப்பு மையால் திருத்தி, கீழே சாட்சிக் கையெழுத்தும் போட்டார். 1975-இல் அந்தத் தேதி திங்கட்கிழமை. 2025-லும் திங்கட்கிழமைதான். கோயிலில் பூசைக்குச் சொல்லி வைத்தாகிவிட்டது.

காசுகளை வைத்த இடம் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். வீட்டு பீரோவைத் திருடன் முதலில் திறப்பான், பேங்க் லாக்கருக்கு வாடகை கேட்பார்கள். தோட்டத்து மோட்டார் ரூமில், திராட்சையின் சாம்பல் நோய்க்குத் தூவும் கந்தகத்தூள் நிறைந்த நீல டிரம் ஒன்று இருக்கிறது. அதில் பாதித் தூளை அள்ளி, மஞ்சள் பையில் கட்டிய காசுகளை நடுவில் வைத்து, மேலே மறுபடியும் தூளைக் கொட்டினார். அதில் கை விடுகிற திருடன் கண்ணெரிந்து, தும்மித் தும்மித் தானே மாட்டிக்கொள்வான் என்பது அவருடைய கணக்கு. புதுக்காசு வாங்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுப் பைக்குள் போடுவதோடு சரி, எடுத்துப் பார்ப்பதில்லை. "நட்ட வெதையத் தோண்டிப் பாக்குறவன் வெள்ளாமை எடுக்க மாட்டான்."

22.9.2025 அன்று தோண்டினார். பைக்குள் நூற்றாறு காசுகளும் அண்டங்காக்கைக் குஞ்சுகள் போல் இருந்தன.

மறுநாள் பலவேசம் ஒரு காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெள்ளிதான்ணே. ஆனா இம்புட்டுக் கறுப்ப நான் பாத்ததே இல்ல. எங்கன வச்சிருந்தீக?"

"அது ஒனக்கு எதுக்கு?"

"சரி விடுங்க. கொஞ்சம் திருநீறு போட்டுத் தேச்சா பளிச்சுன்னு ஆயிரும்."

"சாம்பல் புதன் மாசியிலதான்டா வரும். தேச்சா எடை போயிரும், வேண்டாம்."

"அப்ப நூத்துக்கு எட்டு கழிவு."

அன்றைய விலையில் 2,120 கிராமுக்கு ரூ. 3,15,880. சங்கிலிக்குக் கூலியும் வரியும் சேர்த்து ரூ. 2,94,168. எட்டு சதவீதம் கழிவு போனால் சங்கிலிக்கு ரூ. 3,558 குறையும். ஒரு திராட்சைப் பெட்டிப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் தீர்ந்துவிடுகிற தொகைதான். ஆனால் ஒரு பைசா சேர்த்தாலும் ஒப்பந்தம் உடைந்துவிடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவருக்குள் புகுந்துகொண்டது.

"சுத்த வெள்ளின்னா கழிவு எதுக்கு? கழிவு உண்டுன்னா சுத்தம் எங்கன? கோயம்புத்தூர்க்காரன் என்னைய ஏமாத்திட்டானா?"

"சீல் இருந்திருந்தா எவனும் வாயத் தொறக்க மாட்டான். நீங்கதான் பலாச்சுளை உரிக்கிற மாதிரி உரிச்சுப்புட்டீகளே. கம்பெனிக்காரனே சுத்தம்னு எழுதிக் குடுக்கட்டும், ஒரு கிராம் கழிக்காம எடுத்துக்கிறேன்" என்றார் பலவேசம்.

அன்றிலிருந்து பட்டியலை வாசிக்கும்போது நாலாவது வரியிலும் விரல் நின்றது. 25.9.2025 அன்று கம்பெனிக்கு இரண்டு பக்கப் புகார் எழுதி, ஒப்புகை அட்டையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினார். பதில் 6.10.2025-இல் வந்தது. ஆங்கிலத்தில் வந்ததால் சவேரியம்மாளிடம் கொடுப்பதைத் தவிர வழியில்லை. காசு கறுத்த விஷயம் அப்படித்தான் வீட்டில் வெளியானது.

சவேரியம்மாள் வாசித்துவிட்டுக் கண்ணாடிக்குமேல் அவரைப் பார்த்தார். "காச எங்கன, எதோட சேத்து வச்சிருந்தீகன்னு கேக்கான். எனக்கும் அதுதான் தெரியணும்."

"எழுதிக்க. 'இரகசியம். எழுத்தில் தர இயலாது.'"

"எழுத்துல வேண்டாம். பொண்டாட்டி காதுலயாச்சும் சொல்லலாமே?"

"டீச்சர்கிட்டச் சொன்னா பள்ளிக்கூடம் பூராச் சொன்ன மாதிரி."

"நல்லாயிருக்கு. வைத்தியர்கிட்டப் போயி, வலிக்கிற எடம் இரகசியம்னு சொல்ற ஆள இப்பத்தான் பாக்கேன்."

கம்பெனியும் விடவில்லை. மூன்று காசுகளை அனுப்பினால் சோதித்துச் சொல்கிறோம் என்று 17.10.2025-இல் இரண்டாவது கடிதம் வந்தது. எந்த மூன்றை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்க அவருக்கு ஏழு நாள் ஆயிற்று. மேலடுக்கு பொய் சொல்லும் என்பதால் பையின் அடியிலிருந்து இரண்டும், சொத்தைக் கொத்து என்று தாம் ஒதுக்கிய காசுமாக அனுப்பினார். எது எந்த நாள் காசு என்று தெரியாதபடி எல்லாமே ஒரே கறுப்பு. அந்த ஒன்றைக் குத்துமதிப்பாகத்தான் எடுத்தார். நோட்டில் 'உத்தேசம்' என்ற சொல்லை அவர் எழுதியது அன்று ஒருமுறைதான்.

நவம்பர் பிறந்தது. பூசைக்கு வருகிற உறவுக்காரர்களுக்குச் சொல்லி முடித்தாயிற்று. "சங்கிலி வருதோ இல்லையோ, ஒங்களுக்கு வைக்கிறதுக்கு ஒரு பேரு யோசிச்சு வச்சிருக்கேன்" என்றார் சவேரியம்மாள். இஞ்ஞாசிமுத்து தபால்காரர் வரும் நேரத்தில் தோட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

உறை கனமாக வந்தது. பிரித்ததும் மூன்று காசுகள் மடியில் விழுந்தன. கம்பெனியில் துடைத்து அனுப்பியிருந்ததால் முகம் பார்க்கலாம் போல் மின்னின. சவேரியம்மாள் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"மூணும் சுத்த வெள்ளி. தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்பது."

"இன்னொருக்க வாசி."

வாசித்தார். இஞ்ஞாசிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "கையெழுத்து இருக்கா?"

"இருக்கு. சீலும் இருக்கு. இதையாச்சும் வெட்டாம வைங்க."

"பலவேசம் இனிமே ஒரு கிராம் கழிக்கட்டும், பாப்போம். நாளைக்கழிச்சு ஒங் கழுத்துல ரெட்டவடம். வெள்ளி பதுங்கிப் பாயும்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

"இருங்க, இன்னும் முடியல." சவேரியம்மாள் குனிந்து அடுத்த பத்தியை வாசித்தார். "கறுத்ததுக்குக் காரணம் கந்தகம். 'கந்தகம் படுற எடத்துல வெள்ளிய வைக்க வேண்டாம்'னு போட்டிருக்கான்." கடிதத்தை மடித்தார். "கந்தகமா? நம்ம வீட்ல ஏது..." என்றவர் நிறுத்திக்கொண்டார். தோட்டத்துப் பக்கம் பார்த்தார். திரும்பிக் கணவரைப் பார்த்தார். "மோட்டார் ரூமு டிரம்முக்குள்ளயா?"

இஞ்ஞாசிமுத்து காசுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். கலைத்துவிட்டு மறுபடியும் அடுக்கினார்.

சவேரியம்மாளுக்குச் சிரிப்பு பொங்கி இருமலில் போய் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "லென்ஸு வச்சுப் பாத்தீக, காந்தம் வச்சுப் பாத்தீக, ஐஸு வச்சுப் பாத்தீக. நீங்க கந்தகம் அடிச்சுட்டு வந்த சட்டைய அம்பது வருசமா நாந்தான தொவைக்கேன்? தொவைச்ச அன்னைக்கெல்லாம் எங் கால் மெட்டி கறுத்துப் போகுமே. என்னைக்காச்சும் ஒரு நாள் குனிஞ்சு பாத்தீகளா?"

இஞ்ஞாசிமுத்து சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார். நாற்காலியின் கையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, முழங்கால் இரண்டும் நெட்டி முறிய மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். மனைவியின் வலது காலைத் தம் பக்கம் இழுத்து, விரலில் கிடந்த மெட்டிக்கு நேராக லென்ஸைப் பிடித்தார்.

கடைசிக் கடிதம் வந்த தேதி: 8.11.2025.