மூன்றாம் நம்பர் கூடாரத்துக்காரர்

குழாய் சொட்டும் சத்தம் காதில் விழுந்தால் பிளம்பருக்குச் சோறு இறங்காது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் ஒரு காது அழுகிறவர்கள் பக்கம், மறு காது குளியலறைப் பக்கம். பழுதான குழாயை முதலில் நலம் விசாரிப்பார்: "என்னம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?" தம்பி கைபட்ட குழாய் மறுபடி ஒழுகியதாக ஒருவர் வந்து சொல்லட்டும் பார்க்கலாம் என்பது அவருடைய அக்காவின் நெடுநாள் சவால்.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக மூன்று நாள் விடுப்பு. மனைவி, அக்காவோடு ஆற்றங்கரைக் கூடார முகாம். மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: "அங்க வந்தும் குழாயில கை வச்சீங்கன்னா, அடுத்த பஸ்ல நான் ஊருக்குப் போயிருவேன்." பையில் ஸ்பேனர் இல்லை என்பதை அக்கா இரண்டு முறை துழாவி உறுதிசெய்தாள்.

ஆறு விளம்பரப் படத்தில் மட்டும்தான் ஓடியது. கூடார வாசலில் குப்பைத்தொட்டி நின்றது. வெந்நீர் என்பது வெயிலில் வைத்த வாளி. குளியலறைகளில் ஆண்கள் பக்கம் ஒரு குழாய், பெண்கள் பக்கம் இரண்டு. மூன்றும் ஓயாமல் ஒழுகியதால் காலை எட்டு மணிக்கே தொட்டி காலி. அலுவலகப் பெண் கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல், "எழுதிக் குடுங்க, ஆள் வருவாங்க" என்றாள். எழுதிக் கொடுத்தார். மாலையில் போனபோதும் அதே பதில். மூன்றாம் முறை அவள் பேனாவை மட்டும் நகர்த்தினாள்.

மறுநாள் காலை பல் துலக்கப் போனவர் அரைமணி கழித்துத் திரும்பினார். கையில் பக்கத்துக் கூடாரத்தாரின் குறடு. இடது ரப்பர் செருப்பின் குதிகாலில், குழாய்க்குப் போடும் வாஷர் அளவுக்கு ஒரு வட்டம் காணவில்லை.

"நான் ஒண்ணும் பண்ணல. அதுவா நின்னுருச்சு."

மனைவி செருப்பையே பார்த்தாள். இந்த ஒரு தடவை போகட்டும் என்று அக்கா ஜாமீன் நின்றாள்.

தேநீர் ஆறுவதற்குள் வாசலில் ஒருவர் வாளியோடு வந்து நின்றார். அவர் பின்னால் இன்னும் நான்கு வாளிகள். "மூணாம் நம்பர் கூடாரத்துலதான் ஆள் இருக்காருன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நேத்தெல்லாம் எங்கய்யா போயிருந்தீங்க?" என்று அதட்டல் வேறு. மனைவி பையை இழுத்துத் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

பிளம்பர் அவளைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். பிறகு தலை நிமிராமல், "எழுதிக் குடுங்க, ஆள் வருவாங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் காதுமடல் சிவந்துவிட்டது.

வாளிக்காரரின் குரல் இறங்கியது. "பெண்கள் பக்கம் தண்ணி இல்லைங்க. எங்க மாமியார் குளிச்சு ரெண்டு நாளாச்சு. திட்டு பூரா எனக்குத்தான்."

பிளம்பரின் வலது கை பிளாஸ்க் மூடியைத் திறப்பதும் இறுக்குவதுமாக இருந்தது. கண் அக்காவின் புதுச் செருப்பின்மேல் போய் நின்றது. அக்கா அதை மெல்லப் பாய்க்கு அடியில் தள்ளினாள்.

மனைவி ஜிப்பைப் பாதியில் விட்டாள். தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி, கால்விரலால் அவர் பக்கம் நகர்த்தினாள்.