ஜெனிட்டா வக்கீலின் புத்தகங்களில் இல்லாத ஆள்

தஞ்சாவூர் கோர்ட்டில் ரெமிஜியஸைத் தெரியாதவர் கிடையாது. எப்படித் தெரியும் என்பதில்தான் மனுஷனுக்கு வயிற்றெரிச்சல். "யாரு, எழுத்தாளரம்மா வீட்டுக்காரரா?" என்பார்கள். சிவில் வழக்கில் புலி, எழுந்து நின்றால் மணிக்கணக்கில் வாதாடக்கூடியவர், கடைசியில் வீட்டுக்காரராம்!

அந்த எழுத்தாளரம்மா ஜெனிட்டா, ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி மகள். திருச்சியில் சட்டம் படித்துவிட்டு இவரிடம்தான் ஜூனியராக வந்து சேர்ந்தார். பிராது எழுதக் கற்றுக்கொடுத்தவரும் இவர், மாதா கோயிலில் தாலி கட்டியவரும் இவர். வாய்க்கால் தகராறு, குத்தகை, ஜீவனாம்சம் என்று ஜெனிட்டா தனியாக வழக்கு நடத்தத் தொடங்கியபோது ரெமிஜியஸ் பெருமைப்படத்தான் செய்தார். வழக்கு கூப்பிடும்வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கதை எழுதியபோதும், சரி, பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டார். அது புத்தகமாகிப் பரிசு வாங்கி, கல்லூரியில் பாடமாகவும் ஆகும் என்று அவர் கண்டாரா?

கட்சிக்காரர்களும் கட்சி மாறிவிட்டார்கள். குடவாசல் கோவிந்தராசு ஒருநாள் ஆபீசுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எழுதுற வக்கீலம்மா இல்லீங்களா?"

"எழுதாத வக்கீல் இருக்கேன். உள்ள வாங்க."

"இருக்கட்டுங்க, அவங்க வரட்டும். அவங்கதான் நாம சொல்றத முழுசா கேப்பாங்க."

ரெமிஜியஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியில் சொல்லிக்கொள்ளாத ஓர் ஆசை அவருக்கு இருந்தது. ஏதாவது ஒரு புத்தகத்தில், ஒரே ஒரு பக்கத்திலாவது தான் இருக்கவேண்டும். ஆனால் படித்தால் மதிப்புக் கொடுத்ததாகிவிடுமே! வீம்புக்கு ஒன்றையும் தொடாமல் இருந்தார். புது நாவல் வெளியீட்டு விழாவில் "சார், நீங்களும் நாலு வார்த்தை பேசணும்" என்று சக வக்கீல்கள் வந்து நின்றபோது வேறு வழியில்லாமல் போயிற்று. எல்லாப் புத்தகங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு தன்னைத் தேடினார்.

கோவிந்தராசு இருந்தார். ஜப்திக்குப் போகும் அமீனா இருந்தார். கோர்ட் வாசலில் டீ விற்கும் ஹமீதா பானுகூட இருந்தார், ஓர் அத்தியாயம் முழுக்க! ரெமிஜியஸ் இல்லை. அதைவிடக் கொடுமை, எந்தக் கதாநாயகிக்கும் புருஷன் உருப்படியாக இல்லை. ஒருத்தியின் புருஷன் வெண்ணாற்று வெள்ளத்தோடு போனான். இன்னொருத்தியின் புருஷன் சிங்கப்பூர் போனவன் திரும்பவே இல்லை. புது நாவலில் புருஷன் கடைசிவரை உயிரோடு இருக்கிறான், ஆனால் பக்கவாதத்தில் பேச்சு போனவன். இப்படி எழுதுவதைத்தான் ஊரே ஆகா ஓகோ என்கிறது!

"ஏன் ஜெனி, பேசுற புருஷன் ஒருத்தன்கூடவா ஒனக்குக் கெடைக்கல?"

ஜெனிட்டா கேஸ் கட்டுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "பேசுறவன் உள்ள வந்துட்டா மத்தவங்க வாயத் தொறக்க முடியாதுங்க."

சுருக்கென்று தைத்தது. இருக்கட்டும், மைக் கைக்கு வரட்டும் என்று கறுவிக்கொண்டார்.

விழாவில் அந்த நாலு வார்த்தை நீண்டுகொண்டே போனது. ஜெனிட்டாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த கதை, தான் ஜெயித்த வழக்குகள், தன்னிடம் தோற்ற சீனியர்கள். நிறுத்தச் சொல்லித் துண்டுச் சீட்டு வந்தது, வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பின்வரிசை சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டது. கடைசியில் ஏற்புரைக்கு ஜெனிட்டா எழுந்தபோது மண்டபத்துக்காரர் விளக்குகளை அணைக்கத் தொடங்கியிருந்தார். தயாரித்து வைத்திருந்த உரையை மடித்து வைத்துவிட்டு, "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லி ஜெனிட்டா உட்கார்ந்தார். ரெமிஜியஸுக்குக் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் வீடு வரும்வரை மனைவி ஒரு வார்த்தையும் பேசாததில் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது.

மறுநாள் காலை, தட்டில் இட்லி வைத்துக்கொண்டே ஜெனிட்டா சொன்னார்: "அடுத்த நாவல்ல நீங்க வர்றீங்க."

ரெமிஜியஸ் தட்டைத் தள்ளி வைத்தார். "நெசமாவா? என்னைய எப்படி எழுதப் போற?"

"நான் என்னங்க எழுதறது? நேத்து நீங்க பேசினத யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருக்காங்க. ஒரு வார்த்த மாத்தாம அப்படியே போட்டுடறேன்."