வெளிக்குப் போகப் பழகிய குட்டி

எங்கள் ஆட்கள் இட ஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிச் சாலையில் போட்ட வருடத்தில்தான் எங்கள் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் பிள்ளைகளின் வயதை மறியலுக்கு முன், மறியலுக்குப் பின் என்றுதான் கணக்குப் பார்ப்பார்கள். மூன்றாவது படித்துக்கொண்டிருந்த எனக்குக் கணக்கு வேறாக இருந்தது. குட்டி வீட்டுக்குள்ளேயே வெளிக்குப் போன நாள், போகாத நாள், அவ்வளவுதான்.

அதைக் கொண்டுவந்து கொடுத்தவள் அஞ்சலை. எங்கள் கழனிக்கு நடவுக்கும் களைக்கும் வருகிறவள். காலனியில் அவளுக்குக் குடிசை. என் அம்மாவைவிட மூத்தவள்தான், ஆனாலும் நான் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவள் என்னிடம் வாங்க, போங்க என்று பேசுவாள். அது ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

பின்வாசலுக்கு வெளியே நின்று மடியிலிருந்து குட்டியை இறக்கிவிட்டாள். செவலை நிறம். ஒரு காது மட்டும் மடிந்திருந்தது.

"பால் மறந்துடுச்சிங்க பாப்பா. கூழு ஊத்தினா குடிக்கும்" என்றாள்.

அம்மாவுக்கு நாய் வளர்ப்பதில் இஷ்டமில்லை. மழைக்காலமாக இருந்ததால் குட்டியை வெளியில் விடவும் முடியாது. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். "சாணி போட்டு மொழுவுன எடத்துல அசிங்கம் பண்ணிச்சின்னா, அன்னிக்கே காலனிக்குத் திரும்பிப் போயிடும். சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலமே குட்டி சித்தப்பாவின் வெள்ளை வேட்டியில் மூத்திரம் போனது. சித்தப்பா அப்பாவின் தம்பி. பி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தார். வேட்டியை உதறிக்கொண்டே சிரித்தார். "அண்ணி, இதுக்கும் ஒரு எடம் ஒதுக்கிக் குடுங்க. எடம் கெடைக்காமத்தான் என் மேல போவுது."

அம்மாவும் சிரித்துவிட்டாள். குட்டி தப்பித்தது.

அதன் பிறகு எனக்கு வேறு வேலை இல்லை. கூழ் குடித்த கொஞ்ச நேரத்தில் குட்டி மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு வட்டம் சுற்றும். அதற்குள் அதை அள்ளிக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்கு அந்தப் பக்கம் ஓடவேண்டும். பல நாள் நான் பாதி வழியில் இருக்கும்போதே அதற்கு அவசரம் தீர்ந்துவிடும். வெளியில் விட்டால் வண்ணத்துப்பூச்சியைத் துரத்தும். உள்ளே கொண்டுவந்த உடனே உலக்கை மூலையில் போய் உட்காரும். அம்மா திட்டிக்கொண்டே அந்த அசிங்கத்தின் மேல் அடுப்புச் சாம்பலைக் கொட்டி வாரிப் போடுவாள். அதனாலோ என்னவோ, குட்டிக்குச் சாம்பலைக் கண்டாலே போகத் தோன்ற ஆரம்பித்தது. அதைக் கண்டுபிடித்தவள் நான். கொட்டகைக்குப் பின்னால் சாம்பல் கொட்டும் மேட்டில் கொண்டுபோய் விட்டேன். விட்ட உடனே போனது.

ஒருநாள் பழையபடி உள்ளே போய்விட்டதென்று அதன் மூஞ்சியைப் பிடித்துத் தரையில் தேய்த்தேன். மாட்டுக்குப் புல் போட வந்த அஞ்சலை பார்த்துவிட்டாள். "அப்பிடிச் செய்யாதீங்க பாப்பா. எதுக்கு அடிக்கிறாங்கன்னு அதுக்கு இன்னா தெரியும்? வெளிய போச்சின்னா தடவிக் குடுங்க."

தடவிக் கொடுத்தேன். குட்டி தானாகவே பின்கதவுக்குப் போய்ச் சுரண்டவும் முனகவும் கற்றுக்கொண்டது.

மறியல் தொடங்கியதும் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். சித்தப்பாவும் ஊர் இளைஞர்களும் கோடாலியும் ரம்பமுமாக உளுந்தூர்பேட்டைச் சாலைக்குப் போனார்கள். புளியமரம் விழும் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. பஸ் இல்லை, லாரி இல்லை. எலவனாசூர்கோட்டைச் சந்தைக்குக்கூட யாரும் போகவில்லை. போலீஸ் வேன் வருகிறது என்றால் ஆண்கள் கரும்புக் காட்டுக்குள் ஓடுவார்கள். சித்தப்பாவின் குரல் கட்டிப்போயிருந்தது. முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சந்தோஷம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அஞ்சலையின் மருமகளுக்கு வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். அஞ்சலையின் மகனும் காலனி ஆட்களும் மாட்டுவண்டியில் அவளை ஏற்றிப் போனார்கள். வழியில் கிடந்த மரத்தின் கிளைகளை வெட்டி, வண்டி நுழைகிற அளவுக்கு அதை ஓரமாகப் புரட்டிவிட்டார்கள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த சித்தப்பா தட்டில் கை வைக்கவில்லை. "நம்ப மரத்துல எப்பிடிண்ணா அவனுங்க கை வெக்கலாம்?"

"புள்ளத்தாச்சிடா. உசுருக்குப் போராடிக்கினு இருந்தா. வுடு" என்றார் அப்பா.

"இன்னிக்கு மரத்த நவுத்துவானுங்க. நாளைக்கு?"

அப்பா குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். சாலையோரத்துப் புளியமரம் எப்போது நம்முடையதானது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் காலனிப் பக்கம் புகை எழுந்தது. முதலில் சருகு கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு சத்தம் கேட்டது. அம்மா ஓடிவந்து என்னை உள்ளே இழுத்துக் கதவுகளைத் தாழ்ப்பாள் போட்டாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுச் சந்து வழியாகப் புகை நாற்றம் உள்ளே வந்தது.

குட்டி பின்கதவைச் சுரண்டியது.

"அம்மா, அதுக்கு வெளிக்கி வருது. கதவத் தெறம்மா."

"உள்ளயே போவட்டும், வுடு" என்றாள் அம்மா.

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. அவ்வளவு கஷ்டப்பட்டுப் பழக்கியது எல்லாம் வீணாகிவிடுமே என்று எனக்கு அழுகை வந்தது. ஆனால் குட்டி உள்ளே போகவில்லை. வட்டம் சுற்றும், கதவைப் பார்க்கும், முனகும், மறுபடி சுற்றும். வெளியில் பெண்கள் அலறுகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. நான் குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே, "கொஞ்சம் பொறுத்துக்கோ, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்கதவு தட்டப்பட்டது. அம்மா திறந்தாள். சித்தப்பா நின்றிருந்தார். அவர்மேல் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. வெளியே ஓடப்போன குட்டி அவர் காலடியில் அப்படியே பதுங்கி, அங்கேயே போய்விட்டது. சித்தப்பா இந்த முறை சிரிக்கவில்லை. ஓர் உதை விட்டார். கீச்சென்று கத்திக்கொண்டு அது இருட்டுக்குள் ஓடியது. அம்மா அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

காலையில் குட்டியைத் தேடி வரப்பு வழியாகக் காலனிக்குப் போனேன். என்னை யாரும் தடுக்கவில்லை. கூரைகளே இல்லை. கரிந்த மண்சுவர்கள் மட்டும் நின்றன. ஓர் அலுமினியக் குண்டான் உருகிச் சப்பையாகக் கிடந்தது. வேப்பமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குட்டி, தான் பிறந்த இடத்தைத் தேடி வந்திருந்தது. அஞ்சலையின் சுவர்களுக்கு நடுவில் மூக்கைக் கீழே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு நடுவில், சாம்பல் குவிந்து கிடந்த இடத்தில், ஒழுங்காக உட்கார்ந்து போனது.

நான் கை தட்டினேன். "அஞ்சலை, பாரு! தானாவே வெளிய போவுது!"

நான் வெளியே என்று சொன்ன இடம் முந்தின நாள் வரை அவளுடைய வீட்டின் உட்பக்கம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த அவள் மகன், புகைந்துகொண்டிருந்த ஒரு கழியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். அது குட்டிக்கா எனக்கா என்று தெரியவில்லை. அஞ்சலை அவன் கையைப் பிடித்தாள். "வுடுடா. ரெண்டும் பச்சப் புள்ளைங்க." பிறகு ஓர் ஓட்டுத் துண்டை எடுத்துவந்து குட்டி போனதை அள்ளினாள். எங்கே கொட்டுவது என்று சுற்றிலும் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் சாம்பல்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"தூக்கிக்கினு போங்க பாப்பா. இங்க வரக் கூடாது."

அதற்குப் பிறகு குட்டியின் பழக்கம் கெட்டுவிட்டது. சித்தப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே நின்ற இடத்தில் போய்விடும். சாம்பல் மேட்டில் விட்டாலும், தடவிக் கொடுத்தாலும் பயனில்லை. ஒரு நாள் சித்தப்பாவே அதைச் சாக்கில் போட்டு, கரியாலூரிலிருந்து கடுக்காய் விற்க வந்த மலைக்காரரிடம் கொடுத்தனுப்பினார். காட்டுக்குக் காவலாக இருக்கும் என்றார். அம்மாவும் தடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஜீப்பில் விசாரணைக்கு வந்தார்கள். எங்கள் பள்ளிக்கூட வராந்தாவில்தான் அதிகாரி உட்கார்ந்தார். ஒரு பக்கம் ஊர், ஒரு பக்கம் காலனி. சித்தப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நின்றார். அஞ்சலையைக் கூப்பிட்டார்கள். அவள் என் அம்மாவின் பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள். அம்மா அதை எப்போது கொடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு நன்றாக இருந்தது.

"வந்தவங்கள்ல யாரையாவது தெரியுமா? பயப்படாம சொல்லும்மா" என்றார் அதிகாரி.

அஞ்சலை எங்கள் பக்கம் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பொழுது சாஞ்சிடுச்சிங்க. ஒரே பொகைங்க. யாரும் தெரியலிங்க."

நான் வீட்டுக்கு ஓடினேன். "அம்மா, அஞ்சலை சித்தப்பாவ அங்க பாக்கவே இல்லியாம்!"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "போய்க் கை கால் கழுவு" என்றாள்.

மறுநாள் அஞ்சலை எங்கள் கழனிக்குக் களையெடுக்க வந்தாள். சேற்றில் இறங்கி, பச்சைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு தடவைகூட நிமிராமல் களை பிடுங்கினாள். வரப்பில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்த நான், எங்கள் வீட்டின்மேல் இவளுக்குத்தான் எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.