தர்ப்பையோடு போன மோதிரம்

என் மோதிர விரலில் இருப்பது அப்பாவின் மோதிரம். அவர் விரல் தடிமனானது. எனக்கு அது தொளதொளவென்றுதான் இருக்கும். உள்ளே நூல் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். சுற்றினால் அது என் மோதிரம் ஆகிவிடும் என்று ஒரு அசட்டுப் பிடிவாதம் எனக்கு. ஒருமுறை தொலைந்து போனதைத் தேடிக் கொடுத்தவர் எங்கள் சூப்பர்வைசர்.

அம்பத்தூரில் மசாலாப் பொட்டலம் போடும் கம்பெனியில் எனக்கு மேலே இருந்தவர். பொட்டலத்தில் ஊசி, ஆணி கிடந்தால் கத்துகிற மிஷினோடு வருஷக்கணக்காகப் பழகி, தரையில் தேடுகிற கைமிஷின் ஒன்றைச் சொந்தமாகவும் வாங்கி வைத்திருந்தார். ஞாயிறானால் யார் மோதிரம் எங்கே விழுந்தது என்று கேட்டுக் கிளம்பிவிடுவார். கம்பெனியிலோ சிடுமூஞ்சி. லீவு கேட்டால் காது கேட்காது. அப்போது அவர்மேல் எனக்குப் பெரிய பிரியமெல்லாம் இல்லை.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் அண்ணனூர் பக்கம் ஓர் ஏரிக்கரையில் நடந்தது. அன்று காலையில்தான் அம்மா அந்த மோதிரத்தை எனக்குப் போட்டுவிட்டாள். அதே விரலில், அதற்கு மேலேயே ஐயர் தர்ப்பைப் புல்லை முடிந்து மாட்டினார். எல்லாம் முடிந்ததும், கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நட என்றார். ஒரே இழுப்பாக உருவி எறிந்துவிட்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு இலையில் கை வைத்தபோதுதான் விரல் வெறுமையாக இருந்தது தெரிந்தது. புல்லோடு அப்பாவையும் எறிந்துவிட்டேனே என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். காரியம் செய்த இடத்தைத் திரும்பிப் பார்த்தால் வீட்டுக்கு ஆகாது, போனது போகட்டும் என்று அத்தை தடுத்துவிட்டார். அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசரிடம் அத்தையின் பேச்சையும் சேர்த்துத்தான் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். எந்தக் கையால், எந்தப் பக்கம் எறிந்தாய் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஞாயிறு காலை என்னையும் அழைத்துப்போய், கரைக்கு முன்பே ரோட்டோரத்தில் நிறுத்தினார்.

“நீ ரோட்டப் பாத்து நில்லுபா. நீதான திரும்பிப் பாக்கக் கூடாது? நான் பாக்கறேன்.”

முதுகுக்குப் பின்னால் மிஷின் கத்தும். கூடவே அவர் குரலும் வரும். “சோடா மூடி.” கொஞ்சம் கழித்து, “ஆணி.” பிறகு, “எவனோ எட்டணா போட்டுக்கீறான்.” வெயில் ஏறியது. திரும்பிவிடலாமா என்று கழுத்து நமநமத்தது. கடைசியாக ஒருமுறை மிஷின் கத்தியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முன்னால் வந்து கையை நீட்டினார். காய்ந்த தர்ப்பை முடிச்சு மோதிரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அப்பாவைத் தூக்கியபோது வராத அழுகை அந்த ரோட்டோரத்தில் வந்தது. அவர் மிஷினைத் துடைக்கிற சாக்கில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மறுநாள் ஐந்து நிமிடம் தாமதமாகப் போனதற்கு வழக்கம்போலத் திட்டினார்.

போன மாதம் சூப்பர்வைசரின் காரியம், அதே கரையில். சுற்றிலும் இப்போது அடுக்குமாடி வீடுகள். தர்ப்பை மாட்டுவதற்கு முன்பே அவர் மகனின் மோதிரத்தைக் கழற்றச் சொல்லி நான் வாங்கி வைத்துக்கொண்டேன். முடிந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். நானும் பத்தடி நடந்தேன். விரலில் மோதிரம் சுழன்றது. எனக்குப் பதிலாகப் பார்க்க இனி ஆளில்லை. நின்று, திரும்பிப் பார்த்தேன்.