பொட்டைக் குட்டி

ராசிபுரத்தில் ஒரு வீட்டுக்கு கிரில் கேட் மாட்டிக்கொண்டிருந்தபோது அவரைப் பார்த்தேன். நாமக்கல்லில் முட்டை லோடு ஏற்றுகிறவர். ஒல்லியான ஆள், சட்டையெல்லாம் மஞ்சள் கறை. கையில் ஒரு கூடை, அதற்குள் முட்டை அட்டையின்மேல் ஒரு நாய்க்குட்டி. தாய் பைபாஸில் லாரியில் அடிபட்டுவிட்டதாம். கூடப் பிறந்தவை எல்லாம் வீடு சேர்ந்துவிட்டன, இது ஒன்றுதான் பாக்கி என்றார்.

வீட்டுக்கார அம்மா குட்டியைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார்.

"ஏனுங்க, கடுவன்தானே கேட்டேன்? இது பொட்டைங்க. வருசத்துக்கு ரெண்டு தடவ குட்டி போட்டா, கோழிப்பண்ணையாட்டம் நாய்ப்பண்ணை வெக்கறதா?"

"ஆறு மாசம் ஆவட்டுங்க. நானே வந்து கூட்டிட்டுப் போயி ஆப்ரேசன் பண்ணிக் கொண்டாந்து உடறேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. வேண்டாங்க."

அவர் குட்டியை வாங்கித் தரையில் விட்டார். "சரிங்கம்மா. வெயில்ல வந்துச்சு, கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்க" என்றார். அந்த அம்மா கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"இதுக்குப் பேரு என்னங்க?" என்று நான் கேட்டேன்.

"பேரு வெக்கறது ஊட்டுக்காரங்க வேலைங்க. நான் வெச்சா அப்பறம் குடுக்க மனசு வராது."

குட்டி குடித்து முடித்து, அந்த அம்மாவின் பாதத்தில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. கொண்டுவந்தவர் அதை எடுக்கக் குனியவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாவும் காலை நகர்த்தவில்லை.

"ஆப்ரேசனுக்கு நீங்களே வந்துருவீங்கல்ல?" என்றார் அந்த அம்மா கடைசியில்.

"வந்துருவேனுங்க."

வெறும் கூடையோடு கிளம்பிப் போனார். குட்டிக்குத் தாகம் என்றுதான் தண்ணீர் கேட்டாரா என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.