புல் மெஷின் ஓடுகிற சத்தம்

நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து ஒரு கேசட் கேட்டேன். பாட்டு இல்லை, வசனம் இல்லை. மஸ்கட்டில் வேலை பார்க்கிற ஒரு பையன் தன் அப்பாவுக்குப் பேசி அனுப்பியிருந்த கேசட். அதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

அப்படி என்னதான் பேசிவிட்டான்?

சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு புல் வெட்டும் மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆட்களின் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போக உங்களுக்கே தெரிந்துவிடும்.

பக்கத்து வீடு சுப்பையா அண்ணாச்சி வீடு. கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சங்கரன்கோவிலில் எங்களுடையது கடைசித் தெரு. வீடுகளுக்குப் பின்னால் சுவர் கிடையாது. புறவாசல், அதைத் தாண்டினால் தரிசு... அவ்வளவுதான் ஊர். ஐப்பசியில் நாலு மழை பெய்தால் போதும், புறவாசலில் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஓர் ஐப்பசியில் கருவேப்பிலை பறிக்கப் போன அண்ணாச்சியின் சம்சாரத்தை, புல்லுக்குள் கிடந்த விரியன் கடித்துவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மகன் முருகேசன் மஸ்கட்டிலிருந்து வந்து சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அம்மா முகத்தை அவன் பார்க்கவில்லை.

"நான் இனி போகல. இங்கனயே கெடக்கேன்" என்றான்.

போகாவிட்டால் எப்படி? தங்கச்சி தென்காசியில் ஹாஸ்டலில் தங்கி டீச்சர் ட்ரெயினிங் படிக்கிறாள். அவள் கல்யாணம் இவன் சம்பாத்தியத்தை நம்பித்தான் இருக்கிறது. பேசிப் பேசி அனுப்பி வைத்தார்கள். போனது உடம்புதான். ஆள் இந்தப் புறவாசலிலேயே நின்றுவிட்டான்.

இந்த வருஷம் ஆடித் தபசுக்கு லீவில் வந்தான். அங்கேயிருந்து வருகிறவர்கள் என்ன கொண்டு வருவார்கள்? சேலை, சென்ட், டார்ச் லைட்... இவன் ஒரு டேப் ரிக்கார்டரும், கூடவே நீளமாக ஒரு பெட்டியும் கொண்டு வந்தான். பிரித்துப் பார்த்தால் — ஒரு குழாய். ஒரு நுனியில் கைப்பிடி, மறு நுனியில் மோட்டார், அதற்கு அடியில் நைலான் நரம்பு சுற்றிய ஒரு டப்பா. கரண்ட் கொடுத்தால் நரம்பு விர்ரென்று சுழன்று புல்லை அறுத்துத் தள்ளும்.

தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

"பிளேடு எங்கனலே இருக்கு?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

"பிளேடு கெடையாது மாமா. நரம்புதான் வெட்டும்."

"நரம்பா! அந்த ஊரு புல்லு அவ்வளவு சாதுவாலே?"

எல்லோரும் சிரித்தோம். முருகேசன் சிரிக்கவில்லை. லீவு முடிந்து கிளம்புகிற அன்றைக்கு மனைவி கோமதியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கைப்பிள்ளையோடு மாமனாருக்குத் துணையாக இங்கேதான் இருக்கிறாள்.

"மாசாமாசம் கேசட்ல இது ஓடுத சத்தம் எனக்கு வரணும். பிள்ள எந்திரிச்சு நிக்க ஆரம்பிச்சிட்டான். இனி புறவாசலுக்குத்தான் ஓடுவான். சத்தம் வரலைன்னு வையி... அடுத்த பிளேன்ல வந்துருவேன், பாத்துக்க."

மிரட்டல் இல்லை. செய்கிற ஆள்தான்.

சரி, மெஷின் எப்படி? பக்கத்திலிருந்து பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். புல்லை வெட்டும். புல்லை மட்டும்தான் வெட்டும். எங்கள் புறவாசலில் புல் மட்டுமா இருக்கிறது? சரளைக்கல், உடைந்த ஓடு, வெட்ட வெட்டத் துளிர்க்கிற கருவேல அடிமூடு... கல்லில் பட்டதும் நரம்பு தேய்ந்து அறுந்துவிடும். தரையில் ஒரு தட்டுத் தட்டினால் டப்பாவிலிருந்து புது நரம்பு தானாக வெளியே வர வேண்டும். வராது. உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். கழற்றி, பிரித்து, மறுபடி சுற்றி மாட்டுவதற்குள் கரண்ட் போய்விடும். கரண்ட் இருந்தால் வோல்டேஜ் இருக்காது. ஊரில் விசைத்தறிகள் ஓட ஆரம்பித்ததும் மெஷின் புல்லை வெட்டாது, தடவிக் கொடுக்கும். ஈரப்புல்லோ, வெட்டுப்படாமல் நரம்போடு சேர்ந்து சுருட்டிக்கொள்ளும்.

கூட வந்த நரம்பு தீர்ந்ததும் தூத்துக்குடியிலிருந்து தூண்டில் நரம்பு வாங்கிவரச் சொல்லிப் போட்டோம். அது சூட்டில் இளகிவிட்டது. ஒரு நாள் அண்ணாச்சி பொறுமை இழந்து, கட்டுக்கம்பியை வெட்டி மாட்டிவிட்டார். அது தெறித்து வந்து எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் வாளியில் குத்தி நின்றது.

"வாளியோட போச்சேன்னு கும்பிட்டுக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள் என் மனைவி. கம்பி வைத்தியம் அன்றோடு சரி.

இருந்தாலும் ஓடியது. ஆவணிக் கேசட்டிலும் புரட்டாசிக் கேசட்டிலும் சத்தம் ஒழுங்காகப் போனது.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

அரிவாள்மணை, தையல் மெஷின், சைக்கிள் — எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைத்தாள் கோமதி. புல் மெஷினுக்கு மட்டும் சந்தனம் போதாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எங்கள் ஊர்க் கோயில் புற்றுமண்ணைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கே தெரியும். விஷ ஜந்து அண்டாது என்று நெற்றியில் இடுவோம், வீட்டைச் சுற்றிக் கரைத்துத் தெளிப்போம். பாம்புக்குப் பயந்து வாங்கிய மெஷின்... அதற்குப் புற்றுமண் இல்லாமல் பூஜையா?

தலைக்குக் குளித்து, ஈர முடியோடு கோயிலுக்குப் போய் மண் கொண்டுவந்து, குழைத்து, மோட்டாரைச் சுற்றிப் பட்டை பட்டையாகப் பூசிவிட்டாள். மோட்டார் மூடியில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. உள்ளே காற்றுப் போய் வருவதற்கு. பட்டை போடுகிறவளுக்கு அந்த வரிசை வாகாகத்தான் இருந்திருக்கும்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளும் அதுவுமாக அண்ணாச்சி பிளக்கைச் சொருகினார். ஓடியது. சத்தம் கொஞ்சம் கம்மலாக இருந்தது. பிறகு கருகின வாடை. பிறகு புகை. பிறகு ஒன்றுமில்லை.

மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மெக்கானிக் சீனியை வீட்டுக்கே கூட்டிவந்தோம். மூடியைத் திறந்தவர் விரலை உள்ளே விட்டு வழித்துப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, மோட்டாருக்குள்ள மண்ணு கெடக்கு? மூச்சு விடுத ஓட்டையப் பூராவும் அடச்சுப்போட்டா அது என்ன செய்யும்? யாரு பாத்த வேலை இது?"

கோமதி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை இடுப்பில்.

"நாந்தான்வே" என்றார் அண்ணாச்சி, சட்டென்று. "புத்துமண்ணு நல்லதுல்லா. அதான் பூசுனேன்."

"நல்லதுதான். மனுசனுக்கு."

கோமதி உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

சீனியும் விடவில்லை. காயில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒரு நடை ஓடியது. அடுத்த நடை மறுபடியும் புகை. "இந்தக் கனத்துல கம்பி நம்ம பக்கம் கெடைக்கல அண்ணாச்சி. இருந்ததப் போட்டேன், தாங்கல" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அதற்குப் பிறகு வானம் திறந்துகொண்டது. பெய்யாத வருஷம் எத்தனையோ உண்டு... இந்த வருஷம் பார்த்துப் பெய்கிறது! அண்ணாச்சி அரிவாளை எடுத்துக்கொண்டு புறவாசலில் இறங்கினார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் அறுப்பார். இந்த மூலையை அறுத்து முடிப்பதற்குள் அந்த மூலை வளர்ந்துவிடும். கோமதி பிள்ளையை நடுவீட்டை விட்டு வெளியே விடுவதே இல்லை. அவன் பின்கதவைத் தட்டித் தட்டி அழுதுகொண்டிருப்பான்.

இந்த நேரத்தில்தானா வர வேண்டும்? குருவிகுளத்துக்காரர் ஒருவர் லீவு முடிந்து மஸ்கட் கிளம்புகிறார், கேசட் இருந்தால் நாளைக்குள் கொடுக்கச் சொன்னார் என்று தகவல் வந்தது. அண்ணாச்சி என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டார்.

"உள்ளதச் சொல்லிருவோம் மாமா" என்றாள் கோமதி. "நாந்தான் மண்ணப் பூசுனேன்னு நானே சொல்லுதேன்."

"நீ சொல்லிருவ. அவன் அன்னைக்கே பொட்டியக் கட்டிருவான் தாயி. தையில தங்கச்சி கல்யாணத்த வச்சிக்கிட்டு, வேலைய விட்டுட்டு வந்து நின்னாம்னா? பெறவு அவன யாரு திருப்பிக் கூப்பிடுவா?"

என் மனைவிதான் இழுத்தாள்.

"எங்க வீட்டு மிக்சியும் ஏறக்குறைய அப்படித்தான கத்துது..."

சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மழை வெறித்திருந்தது. துணி துவைக்கிற கல்லின் மேல் மிக்சியைத் தூக்கி வைத்து, உள்ளேயிருந்து வயர் இழுத்தோம். வெறும் ஜாரை ஓட்டியபோது சத்தம் ஒட்டவில்லை.

"புல்லுல பட்டா கொஞ்சம் தெணறும்லா அக்கா" என்றாள் கோமதி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் மனைவி தேங்காயையும் பொரிகடலையையும் அள்ளிப் போட்டாள். இப்போது சரியாகத் திணறியது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினார்.

"நீங்க எங்க போறீய? இங்கன நின்னே பேசலாம்லா?" என்றேன்.

"பேசுததுதான் பொய்யி. நிக்கதாவது புல்லுக்குள்ள நிக்கேனே."

கோமதி டேப் ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். அண்ணாச்சி மிக்சிக்கு மேலே கத்தினார்: "ஏலே முருகேசா! கேக்கியா? மெஷினு நல்லா ஓடுதுலே! தென்ன மூடு வரைக்கும் ஒதுக்கியாச்சு. ஒண்ணும் பயமில்ல, கேட்டியா? ஒண்ணும் பயமில்ல!"

அந்தச் சட்னியை இரண்டு வீட்டிலும் யாரும் தொடவில்லை.

அந்தக் கேசட்டுக்குப் பதிலாக மஸ்கட்டிலிருந்து வந்த கேசட்தான் நேற்று நான் கேட்டது.

"எப்பா, இந்த ஐப்பசி மழையில ஓடுன சத்தத்தக் கேட்டேன். திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். ரூம்ல உள்ளவனுவளுக்கும் போட்டுக் காட்டுனேன். அம்மா போனதுக்குப் பெறவு அன்னைக்குத்தான் முழிப்பு வராமத் தூங்குனேன்ப்பா. அடுத்த கேசட்ல இன்னும் கொஞ்ச நேரம் ஓட விடுங்க, என்ன?"

அண்ணாச்சி டேப்பை நிறுத்தினார். சுவரில் சொருகியிருந்த அரிவாளை எடுத்தார். கோமதி பிள்ளையை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு, ஒரு கம்பை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் போனாள். அவள் கம்பால் புல்லைத் தட்டித் தட்டி ஓர் எட்டு வைக்கிறாள். அவர் குனிந்து அந்த எட்டு அளவுக்கு அறுக்கிறார். அவள் அடுத்த எட்டு வைக்கிறாள். பாம்பு இருந்தால் அவளைத்தான் முதலில் கடிக்கும். அது இருவருக்கும் தெரியும்.

மெஷினின் குறைகளைச் சொல்லச் சொன்னால் நான் இன்னும் ஒரு பக்கம் எழுதுவேன். நரம்பு, வோல்டேஜ், ஈரம், மண்... எதுவும் பெரிய குறை இல்லை. ஒன்று ரிப்பேர் பார்க்கலாம், இல்லையென்றால் தூக்கிப் போடலாம். தூரத்தில் இருக்கிற ஒருத்தன் தன் தூக்கத்தையே அதன் மேல் ஏற்றி வைத்துவிட்டுப் போனால் என்ன செய்வது? தூக்கிப் போடவும் முடியவில்லையே.

அடுத்த கேசட் மாசக் கடைசியில் போகிறது. என் மனைவி தேங்காய் வாங்கி வைத்துவிட்டாள்.