பூட்டுத் திறக்கும் அன்னம்மாள்

வலி இன்னும் நெருங்கவில்லை என்று தெரிந்தால் போதும், அன்னம்மாள் சுவரோரமாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பிரசவப் பைக்குள்ளிருந்து ஒரு பூட்டை எடுத்துவிடுவாள். கூடவே ஒரு பல்பொடி டப்பா. அதில் பல்பொடி கிடையாது. உடைந்த குடையிலிருந்து கழற்றி, அம்மிக் கல்லில் தேய்த்து, நுனியை வளைத்த கம்பிகள் ஏழெட்டு இருக்கும். மூக்குக் கண்ணாடியை மடியில் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு கம்பி பூட்டின் தாழை அழுத்திப் பிடித்திருக்கும். இன்னொன்று உள்ளே இருக்கும் தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கும். நாக்கு நுனி உதட்டோரம் வந்து நிற்கும். வெந்நீர் கொண்டுவரும் பெண்கள் இதைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள்.

"வலி வர்றதுக்கு நேரமாவும். அதுவரைக்கும் சும்மா குந்திக்கினு இன்னா பண்றது? ஊர் வம்பு பேசறதுக்கு இது தேவலை" என்பாள்.

பூந்தமல்லியில் நாங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ், நான் கம்பவுண்டர். நாற்பத்து மூன்று வயதுவரை சாவி போட்டுத்தான் அவளும் பூட்டுத் திறந்திருக்கிறாள். போன வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, மைலாப்பூரிலிருந்து ஒரு கர்ப்பிணி டிரங்குப் பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தாள். அவசரத்தில் சாவியை எங்கோ விட்டுவிட்டாள். குழந்தைத் துணியெல்லாம் பெட்டிக்குள். அன்னம்மாள் தலையிலிருந்த ஊசியை உருவி, ஒரு மணி நேரம் குடைந்து, அதைத் திறந்துவிட்டாள். அந்தப் பெண் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இவள்தான் பெட்டியை மறுபடி பூட்டித் திறந்து, பூட்டித் திறந்து, அன்று மத்தியானச் சாப்பாட்டை மறந்தாள்.

அது முதல் பழைய இரும்புக் கடையில் பூட்டுப் பொறுக்க ஆரம்பித்தாள். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. கொல்லனிடம் கேட்டதற்கு, "பொம்பளைக்கு இது இன்னாத்துக்கு?" என்றுவிட்டானாம். கெட்டுப்போன ஒரு பூட்டை ஆணி கழற்றிப் பிரித்து, தகடுகளைத் தட்டில் பரப்பிப் பார்த்துத் தானே தெரிந்துகொண்டாள். பிரசவம் பார்க்கிற கைதானே என்று நான் ஒரு தரம் சொன்னேன். "அது வேற, இது வேற கம்பவுண்டரே. பூட்டு அழுவாது" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள்.

இந்தப் பைத்தியம், அவளை வீட்டுக்கு வீடு கொண்டுபோய் விடும் ஜட்காக்காரன் துலுக்கானத்துக்கும் தொற்றிக்கொண்டது. வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு அவனும் ஒரு பூட்டோடு மல்லுக்கட்டுவான். ஆனால் பொறுமை கிடையாது. பத்து நிமிஷத்தில் கம்பி ஒடியும். "கல்லால ஒரே போடு போட்டா தொறந்துக்கும், அத்த வுட்டுட்டு..." என்பான். "தொறக்கறது வேற, ஒடைக்கறது வேறடா" என்பாள் அம்மாள்.

அவளும் உடைக்காதவள் இல்லை. சர்ச் அலமாரியைத் திறக்கிறேன் பேர்வழி என்று ஒரு சனிக்கிழமை கம்பியை உள்ளேயே முறித்துவிட்டாள். மறுநாள் ஆராதனை பாட்டுப் புத்தகமில்லாமலே நடந்தது. உபதேசியார் ஒரு மாசம் அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகு தனக்கு ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். பூட்டுக்குச் சொந்தக்காரர் எதிரே நின்று 'திற' என்று சொல்லாமல் தொடுவதில்லை.

அந்தச் சட்டத்தைச் சென்ற ஆவணியில் நசரத்பேட்டையில் மீறினாள்.

கர்ப்பிணிகளைப் பார்த்து வர வீடு வீடாகப் போனபோது, வெளியே பூட்டியிருந்த ஒரு வீட்டின் ஜன்னலிலிருந்து, "யம்மா, நானும் ஏழு மாசம்" என்று குரல் வந்தது. உள்ளே இருந்தவள் சாமுண்டீஸ்வரி. புருஷன் எத்திராஜுக்கு ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை போடும் வேலை. விடிந்ததும் சைக்கிளில் போனால் சாயங்காலம்தான் வருவான். ரஸ்தாவில் பட்டாளத்து லாரிகள் ஓட ஆரம்பித்ததிலிருந்து, அவளை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறான்.

அன்னம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனிடமே போய்ப் பேசிப் பார்த்தாள். "ஒனக்கு ஒண்ணியும் தெரியாது நர்ஸம்மா. ஆவடியில சோல்ஜருங்க பண்றத நான் கண்ணால பாத்துக்கினு கீறேன். எம் பொண்டாட்டி, எம் பூட்டு" என்றான். முரடன் மாதிரி சொல்லவில்லை. பயந்தவன் மாதிரிதான் சொன்னான் என்று என்னிடம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி அந்த ஜன்னலுக்குப் போனாள். சாமுண்டீஸ்வரியின் முகமும் காலும் வீங்கியிருந்தன. துலுக்கானம் வண்டியிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்து வந்தான்.

"ஒடைச்சிடாதீங்க. இத்த ஒடைச்சா அவரு என்னை ஒடைச்சிடுவாரு" என்று உள்ளே இருந்தவள் பதறினாள்.

அன்னம்மாள் யோசித்தாள். "பூட்டு யாருது?"

"அவுருதுதான்."

"ஊடு?"

"எங்க நைனா கட்டிக் குடுத்தது."

"அது போதும்" என்று டப்பாவைத் திறந்தாள்.

அரை மணியில் திறந்துவிட்டாள். சாமுண்டீஸ்வரியைப் பரிசோதித்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, கிணற்றடி வரைக்கும் நடக்க வைத்து உள்ளே அனுப்பினாள். வினை அப்புறம்தான் வந்தது. அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு இல்லை அது. பூட்டுவதற்கும் சாவி வேண்டும். திறந்த பூட்டைக் கதவு நாதாங்கியில் மாட்டி, அதே தகடுகளைத் திரும்பத் தூக்கிப் பூட்டின் தாழைத் தள்ள வேண்டும். அதை அவள் பழகியிருக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. வெயில் இறங்கிவிட்டது. துலுக்கானம் ரஸ்தாவைப் பார்த்து நின்றவன், "நர்ஸம்மா, சைக்கிள் ஒண்ணு வருது" என்றான். அவள் கண்ணைத் திறக்கவில்லை. சைக்கிள் புளியமரத்தைத் தாண்டும்போது பூட்டு பூட்டிக்கொண்டது. வந்தவன் வேறு யாரோ. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவள் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள் என்று துலுக்கானம் சொல்கிறான்.

அதே மாதிரி ஒரு பூட்டைத் தேடி வாங்கி வந்து ராப்பகலாக, திறப்பதற்காக அல்லாமல் பூட்டுவதற்காகவே பழகினாள். செவ்வாயும் வெள்ளியும் மத்தியானத்தில் நசரத்பேட்டை. இரண்டு மாசம் இப்படி நடந்தது. தெருவுக்கே தெரியும், எத்திராஜுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு தடவை நான், "போலீஸுக்குப் போனால் நீங்கள்தான் அம்மா குற்றவாளி" என்றேன். "தெரியும்" என்றாள். மாத்திரையை எண்ணிக்கொண்டே சொன்னாள்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை காலை பக்கத்து வீட்டுக்காரி வேம்புலியம்மாள் மழையில் நனைந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். "தண்ணி ஒடைஞ்சிடிச்சி, பொண்ணு உள்ள கத்திக்கினு கீது!" டாக்டர் ஊரில் இல்லை. அம்மாளோடு நானும் ஜட்காவில் ஏறினேன்.

ஈரத்தில் கம்பி வழுக்கியது. உள்ளே அலறல். துலுக்கானம் கல்லைத் தூக்கிவிட்டான். "தள்ளு" என்றாள் அம்மாள், அவ்வளவுதான். புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினாள். மூன்று நிமிஷம் இருக்கும். என் கடிகாரத்தில் நான் பார்த்தேன். பூட்டு வாயைத் திறந்தது.

பிரசவம் சுலபமாக இல்லை. குழந்தை கால் முன்னால் வந்தது. பிறக்கும்போது மணி மூன்று. நீலம் பாரித்திருந்த அதை அவள் தலைகீழாகப் பிடித்துத் தட்டித் தட்டி அழவைத்தாள். தாய் கண் விழித்துக் கேட்ட முதல் வார்த்தை, "பூட்டிட்டீங்களா?" என்பதுதான்.

"இன்னிக்குப் பூட்டல" என்றாள் அன்னம்மாள்.

சாயங்காலம் எத்திராஜ் வந்தான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தபடி வந்தவன் திறந்த கதவைப் பார்த்து நின்றுவிட்டான். துலுக்கானம் குதிரைக்குப் புல் உதறுவதுபோல் திரும்பிக்கொண்டான்.

"யாரு தொறந்தது?"

"நான்தான்" என்று அம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"எப்பிடி?"

"கம்பி போட்டு. இன்னிக்கு மட்டும் இல்ல, ரெண்டு மாசமா."

அவன் முகம் கறுத்தது. ஓர் அடி முன்னால் வைத்தான். அப்போது உள்ளே குழந்தை அழுதது. அந்த அடியோடு நின்றான்.

"இன்னா கொய்ந்தை?" என்றான்.

"பொண்ணு. கால் முன்னால வந்துச்சு. காலையில தொறந்திருக்காட்டி ரெண்டு பேரும் இல்ல."

உள்ளே போய்க் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். அவன் அவசரமாக ஒரு கையை நீட்டினான். மற்றக் கையில் சாவி இருந்தது.

"ரெண்டு கையாலயும் வாங்குப்பா" என்றாள்.

குழந்தையை இடக்கையில் அணைத்தபடி, வலக்கையை விரித்து அவன் முன் நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். சாவியை அந்தக் கையில் வைக்கும்வரை அவள் குழந்தையைக் கொடுக்கவில்லை.